பதிவேடும் மோதிரமும்

காணாமற்போன ஒரு திராக்மாவுக்காக விளக்கேற்றி வீட்டைக் கூட்டித் தேடிய பெண்ணை லூக்கா நற்செய்தி (15:8) காட்டுகிறது. உரியவர் பொருளைத் தேடுவது இயல்பு. பொருளை வைத்துக்கொண்டு உரியவரைத் தேடுவதோ அரிய பணி.

நாஜி வதைமுகாம்களில் கைதிகளின் மோதிரங்களும் கைக்கடிகாரங்களும் பறிக்கப்பட்டுப் பெயரெழுதிய உறைகளில் இடப்பட்டன. ஹாம்பர்க் அருகிலிருந்த நோயன்காமே முகாமின் உறைகள் பல ஜெர்மனியின் பாத் ஆரோல்சன் ஆவணக் காப்பகத்தில் தங்கிவிட்டன. 2016 முதல் அக்காப்பகம், தன்னார்வலர் துணையோடு, அவற்றை வழித்தோன்றல்களிடம் சேர்த்துவருகிறது. பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர் ஆகியவற்றைக் கொண்டு பழைய பதிவுகளைத் துழாவி, மகளையோ பெயரனையோ கண்டடைகிறார்கள். தந்தையின் மோதிரம் முதுமையில் மகளின் கைக்கு வருகிறது.

வீரமாமுனிவர் அடைக்கல அன்னைக்கு ஆலயமெழுப்பிய நம் ஏலாக்குறிச்சியில் இத்தகைய தேடல் எங்கே தொடங்கும்? மேலைநாட்டார்க்குக் குடும்பப்பெயர் உண்டு. நமக்கோ தலைமுறைதோறும் தலைப்பெழுத்து மாறுகிறது; ஓர் ஊரிலேயே பல அந்தோணிகள், பல மரியாள்கள். அவர்களை வேறுபடுத்துவது பங்கின் பதிவேடே. திருமணப் பதிவேட்டைத் திரிதெந்துச் சங்கம் 1563-இல் கட்டாயமாக்கியது. திருமுழுக்குப் பதிவில் பெற்றோர், ஞானப்பெற்றோர், பிறந்த இடம், நாள் ஆகியவை இடம்பெற வேண்டுமென 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் (877) பணிக்கிறது. ஒரு தாயின் பெயரை நாம் எழுதாது விட்டால், பின்னொருநாள் ஒரு குடும்பத்தின் தடமே அறுந்துபோகும்.

அன்பர்களே, பாட்டியின் காதணி யார் தந்தது என இன்றே கேளுங்கள். கேட்டதை ஊர்ப்பெயரோடு எழுதி வையுங்கள்.