எவருடைய கட்சி, எவருடைய வாக்கு: மிசிசிப்பி முதன்மைத் தேர்தல் 2014

2014 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் குடியரசுக் கட்சி தன் செனட் வேட்பாளரைத் தெரிவு செய்ய இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு நடந்தது. 1978 முதல் செனட் உறுப்பினராக இருந்த தாட் காக்ரன் 1,94,932 வாக்குகள் பெற்றார். அவரை எதிர்த்த மாநில மேலவை உறுப்பினர் கிறிஸ் மெக்டேனியல் 1,87,265 பெற்றார். வேறுபாடு 7,667. மூன்று வாரம் முன்பு, ஜூன் 3 அன்று நடந்த முதல் சுற்றில் மெக்டேனியல்தான் முந்தியிருந்தார்: 49.5 சதவீதத்துக்கு எதிராகக் காக்ரனுக்கு 49.0. மூன்றாமவரான தாமஸ் கேரி எடுத்த ஒன்றரைச் சதவீதம் இருவரையும் பாதியைத் தாண்டவிடாமல் தடுத்தது. இரண்டாம் சுற்றுக்குக் கூட்டம் குறைவதே அமெரிக்க வழக்கம். இங்கே வாக்களித்தோர் எண்ணிக்கை ஏறத்தாழ 3,19,000-லிருந்து 3,82,000-ஆக உயர்ந்தது. இந்தக் கூடுதல் 63,000 பேர் யார் என்ற கேள்வியே அடுத்த நான்கு மாதச் சண்டையின் மூலம். அவர்களில் ஏறத்தாழ 29,500 பேரின் அளவுக்கு மெக்டேனியலின் கணக்கும் ஏறியது என்பது இந்தச் சண்டையில் எளிதாக மறக்கப்பட்டது.

மோசடி, முறைகேடு, சட்டவிரோத வாக்கு என்ற பெயர்களில் நடந்த அந்தச் சண்டையின் உள்ளே இருந்தது வேறொரு கேள்வி: ஒரு கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எவருக்கு? தோற்றவர் தரப்பின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மிசிசிப்பி தன் சட்டத்தைக் கட்டியிருக்கும் விதத்தில் அந்த வாதத்துக்கு நிற்க இடமில்லை. யார் எந்தக் கட்சி என்று வாக்காளரிடம் ஒருபோதும் கேட்டிராத மாநிலம், வாக்குப்பெட்டி மூடிய பின் அந்தக் கேள்வியை எழுப்ப முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

களத்தில் நடந்தது பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்ததே. டீ பார்ட்டி அமைப்புகளும் சாரா பேலின் போன்ற தலைவர்களும் மெக்டேனியலுக்குப் பின்னால் நின்றார்கள். மத்திய அரசின் பணத்தை வெட்ட வேண்டும் என்பது அவர்களின் முழக்கம். காக்ரனோ 2005-இல் காத்ரினா புயலுக்குப் பின் மாநிலத்துக்குப் பெருநிதி கொண்டுவந்தவர். செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் பழம்பெரும் உறுப்பினர். மத்திய நிதியை அவ்வளவு நம்பி வாழும் ஏழை மாநிலத்தில் இது சிறிய வேறுபாடு அல்ல. முதல் சுற்றில் பின்தங்கியதும் அவர் தரப்பு, குறிப்பாக ஹென்றி பார்பர் நடத்திய ஆதரவுக் குழு, கறுப்பின வாக்காளர் வாழும் பகுதிகளை நோக்கித் திரும்பியது. மாநில மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தேர்தலில் அவர்கள் பெருமளவு ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிப்பவர்கள். ஜூன் 3 அன்று ஜனநாயகக் கட்சியின் முதன்மைத் தேர்தலில் வாக்களித்தவர் ஜூன் 24 அன்று குடியரசுக் கட்சியின் பெட்டியில் வாக்குப் போடக் கூடாது. அன்று வீட்டிலிருந்தவருக்கு அந்தத் தடை இல்லை. ஜாக்சன் நகரை உள்ளடக்கிய ஹைண்ட்ஸ் மாவட்டம் உட்படப் பல இடங்களில் காக்ரனின் வாக்கு கணிசமாக ஏறியது.

தேர்தல் இரவிலேயே மெக்டேனியல் தோல்வியை ஒப்புக்கொள்ள மறுத்தார். அடுத்த வாரங்களில் அவர் தரப்பு அடுக்கிய புகார்கள் மூன்று வகை. இரு கட்சிப் பெட்டியிலும் வாக்களித்தவர்கள் என்று ஏறத்தாழ 3,500 வாக்குகள். பிற ஒழுங்கீனங்கள் என்று 9,500. முறையற்ற, நேரில் வராதோர் வாக்குகள் என்று 2,275. கூட்டினால் வெற்றி இடைவெளியின் ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. வாக்குக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அது எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை. இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். செல்லாத வாக்கு எவருக்கு விழுந்தது என்பது தெரியாது. 15,275 வாக்கும் செல்லாதென்றே வைத்துக்கொண்டாலும், முடிவு மாற அவற்றில் நான்கில் மூன்று பங்காவது காக்ரனுக்குப் போயிருக்க வேண்டும். இரகசிய வாக்குமுறையில் இதை ஊகிக்கலாம், நிரூபிக்க முடியாது.

இம்மூன்றுக்கும் அப்பால் எழுந்த இன்னொரு புகார்தான் உண்மையான புகார். மிசிசிப்பி தேர்தல் சட்டத்தின் 23-15-575ஆம் பிரிவு, எந்த முதன்மைத் தேர்தலில் பங்கேற்கிறாரோ அதில் தெரிவு செய்யப்படுபவரை ஆதரிக்கும் எண்ணம் இல்லாதவர் அதில் வாக்களிக்கத் தகுதியற்றவர் என்கிறது. நவம்பரில் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களிக்கப் போகும் ஒருவர் ஜூனில் காக்ரனுக்கு வாக்களித்தால் அது சட்டவிரோதம் என்று மெக்டேனியல் தரப்பு வாதிட்டது. தேர்தலுக்குப் பின் எடுத்த கருத்துக்கணிப்பு ஒன்றைக் காட்டி, கட்சி தாண்டி வந்தவர்களில் 71 சதவீதம் பேருக்கு அந்த எண்ணம் இல்லை என்றும், அவர்களைக் கழித்தால் தாங்கள் ஏறத்தாழ 25,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றவர்கள் என்றும் சொன்னது. இந்தச் சண்டையில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது இந்தக் கணக்குத்தான். ஒரு மாதிரிக் குழுவிடம் கேட்ட பதிலை வைத்து, பெயரும் முகமும் தெரியாத ஆயிரக்கணக்கானோரின் வாக்கைப் பெட்டியிலிருந்து கழிப்பது எந்த முறைமையிலும் அடங்காது. எண்ணத்தைச் சோதிக்க வேண்டுமானால் வாக்குச்சாவடியில், ஆளைப் பார்த்து, அங்கேயே ஆட்சேபிக்க வேண்டும். வாக்காளர் தாமே வாய்விட்டுச் சொன்னாலன்றி அந்த ஆட்சேபமும் நிற்காது என்பதே மாநில அரசு வழக்கறிஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்த விளக்கம். ஆக, இந்தச் சட்டப்பிரிவு ஏட்டில் இருக்கிறது, நடைமுறையில் இல்லை.

இதே பிரிவை வைத்து அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பு வழக்கு போட்டவர்கள் யார் என்பதை அன்றைய விவாதம் கவனிக்கவில்லை. 2006-இல் மிசிசிப்பி ஜனநாயகக் கட்சிதான் நீதிமன்றம் போனது. தங்கள் முதன்மைத் தேர்தலில் குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் நுழைந்து முடிவைக் கெடுக்கிறார்கள் என்பதும், ஒத்த கருத்துடையோருடன் மட்டும் கூடும் அரசமைப்பு உரிமை தங்களுக்கு உண்டு என்பதும் அவர்கள் வாதம். பின்னணியில் இருந்தவர் ஜார்ஜ் டேல்: 1970-களிலிருந்து ஜனநாயகக் கட்சிப் பெயரில் காப்பீட்டு ஆணையராக வென்று வந்தவர், 2004-இல் வெளிப்படையாகக் குடியரசுக் கட்சியின் புஷ்ஷை ஆதரித்தவர். கட்சி அவரை வேட்பாளர் பட்டியலிலிருந்து நீக்க முயன்றது. நீதிமன்றம் மீண்டும் சேர்த்தது. 2007 ஆகஸ்டில் கட்சி வாக்காளர்களே அவரைத் தோற்கடித்தார்கள். வழக்கிலோ, கீழ்நீதிமன்ற நீதிபதி கட்சி பக்கம் தீர்ப்பளித்து முதன்மைத் தேர்தலை மூடச் சொன்னார். 2008-இல் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், விசாரிக்கும் அளவுக்கு வழக்கு இன்னும் கனியவில்லை என்று அதைத் தள்ளியது. அந்த வழக்கில் எதிர்வாதிகளில் ஒருவர் அன்றைய குடியரசுக் கட்சி ஆளுநர் ஹேலி பார்பர். 2014-இல் கறுப்பின வாக்காளரைத் தேடிச் சென்ற ஹென்றி பார்பர் அவருடைய சகோதரர் மகன். மெக்டேனியல் தரப்பு 2014-இல் பேசியதில் பெரும்பகுதி ஜனநாயகக் கட்சி 2006-இல் பேசியது. காக்ரன் தரப்பு பேசியது அன்றைக்கு அரசு பேசியது.

இதை வைத்து இரு தரப்பும் போலி என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். கூட்டுரிமை வாதத்துக்கு வலுவான அடித்தளம் உண்டு. 2000-இல் கலிபோர்னியா ஜனநாயகக் கட்சி தொடுத்த ஜோன்ஸ் வழக்கில், எந்தக் கட்சி வேட்பாளரையும் எவரும் தெரிவு செய்யலாம் என்ற முறையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்று ரத்து செய்தது. தன் கொள்கையை எவர் சுமக்க வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு கட்சியின் உயிர்நாடி என்பது நீதிபதி ஸ்கலியாவின் கருத்துரையின் சாரம். ஆனால் அந்த உரிமை கட்சிக்கு உரியது. 1986-இல் கனெக்டிகட் குடியரசுக் கட்சி தொடுத்த டாஷியன் வழக்கில், எந்தக் கட்சியிலும் பதியாதவர்களுக்குக் கதவைத் திறக்கும் உரிமையும் கட்சிக்கே என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. திறப்பதும் மூடுவதும் அமைப்பின் கையில். 2014-இல் மிசிசிப்பி குடியரசுக் கட்சியின் செயற்குழு எதையும் மூடச் சொல்லவில்லை, முடிவுக்குச் சான்றளித்தது, மெக்டேனியலின் மனு வந்தபோது விசாரிக்காமல் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னது. கட்சி கோராத உரிமையை ஒரு வேட்பாளர் கட்சியின் பெயரால் கோரினார்.

உண்மையான தொண்டர்களே கட்சி, செயற்குழு ஓர் அலுவலகம்தான் என்று அவர் ஆதரவாளர்கள் பதில் சொல்வார்கள். அப்படியானால் தொண்டர் யார்? மிசிசிப்பியில் வாக்காளர் பதிவின்போது கட்சியைக் குறிக்கும் கட்டமே இல்லை. கட்சி வாக்காளர் என்ற ஒரு கூட்டம் சட்டத்தின் பார்வையில் அங்கே உருவாவதே வாக்களிக்கும் அந்த நிமிடத்தில்தான்.

வரலாறும் இங்கே கனக்கிறது. தென்மாநிலங்களில் முதன்மைத் தேர்தல் நெடுங்காலம் வெள்ளையருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1944-இல் ஸ்மித் எதிர் ஆல்ரைட் தீர்ப்பு அதைச் செல்லாததாக்கியதும், தென் கரோலினா தன் முதன்மைத் தேர்தல் சட்டங்கள் அனைத்தையும் நீக்கி, கட்சி தனியார் சங்கம், எங்கள் விருப்பம் என்றது. நீதிபதி வேரிங் 1947-இல் அதைத் தகர்த்தார். உடனே அங்கிருந்த ஜனநாயகக் கட்சி வாக்காளரிடம் உறுதிமொழி கேட்டது: இனப்பிரிவினையையும் மாநில உரிமையையும் ஆதரிப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். அதையும் 1948-இல் அவரே நிறுத்தினார். எண்ணத்தைச் சோதிக்கும் சட்டங்களுக்குத் தென்மாநிலங்களில் இப்படி ஒரு பரம்பரை உண்டு. 2014-இல் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளின் வாக்குச்சாவடிகளுக்குக் கண்காணிப்பாளர்களை அனுப்பப் போவதாக மெக்டேனியல் ஆதரவு அமைப்புகள் அறிவித்தபோது, அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசிக்க வேண்டும். வாக்குப்பதிவு நாளன்று, வாக்குரிமைத் தொண்டர்கள் மூவர் அம்மாநிலத்தில் கொல்லப்பட்டு ஐம்பது ஆண்டு நிறைந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அந்த அமைப்புகளில் இருந்தோர் எல்லோரையும் இனவெறியர் என்று நான் சொல்ல வரவில்லை. கட்சித் தூய்மை என்ற வாதம் அந்த மண்ணில் வெற்றிடத்தில் பேசப்படுவதில்லை என்பதே.

எதிர்க்கட்சியினர் வந்து கெடுத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு உண்மைகளோடு பொருந்துகிறதா? வேண்டுமென்றே கெடுக்க வருபவர் நவம்பரில் எளிதில் தோற்கடிக்கத்தக்கவரைத் தேர்ந்தெடுப்பார். இங்கே வந்தவர்கள் செய்தது நேர்மாறு. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டிராவிஸ் சைல்டர்ஸுக்குச் சற்றேனும் வாய்ப்பளிக்கக் கூடியவர் மெக்டேனியல் என்பதே அன்றைய பொதுக் கணிப்பு. அவரை விட்டுவிட்டு, வெல்வது உறுதியான காக்ரனை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நவம்பரில் அவர் ஏறத்தாழ 60 சதவீதம் பெற்று வென்றார். 1982-க்குப் பிறகு மிசிசிப்பியில் ஜனநாயகக் கட்சி எந்த செனட் தேர்தலையும் வென்றதில்லை. ஒரு கட்சி அசைக்க முடியாமல் ஆளும் இடத்தில் முதன்மைத் தேர்தலே உண்மையான தேர்தல் என்பதை அரசியல் அறிஞர் வி.ஓ. கீ 1949-இல், ஜனநாயகக் கட்சி தெற்கு முழுவதையும் ஆண்ட காலத்தில், விரிவாக எழுதினார். கட்சிப் பெயர் மாறிவிட்டது, அமைப்பு மாறவில்லை. ஜூன் 24 அன்று வந்த கறுப்பின வாக்காளர்கள் தங்கள் செனட் உறுப்பினரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு வேறு நாள் அவர்களுக்கு இல்லை.

வழக்கின் முடிவு இந்தக் கேள்விகளில் எதையும் தொடவில்லை. மெக்டேனியல் கட்சியிடம் மனு கொடுத்தது ஆகஸ்ட் 4, அதாவது 41 நாள் கழித்து. மாவட்ட அளவிலான முதன்மைத் தேர்தல் முடிவை எதிர்க்கச் சட்டம் 20 நாள் தருகிறது. மாநில அளவிலானதற்குக் கெடு எழுதப்படவில்லை. அந்த 20 நாள் இதற்கும் பொருந்தும் என்று 1959-இல் கெல்லம் எதிர் ஜான்சன் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1986-இல் தேர்தல் சட்டமே புதிதாகத் தொகுக்கப்பட்டதால் பழைய தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்று மெக்டேனியலின் வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். அது வலுவற்ற வாதம் அல்ல. சிறப்பு நீதிபதி ஹாலிஸ் மெகீ ஆகஸ்ட் 29 அன்று வழக்கைத் தள்ளினார். மாநில உச்ச நீதிமன்றம் அக்டோபர் 24 அன்று 4-2 என்று அதை உறுதி செய்தது. கெடு இருக்க வேண்டியதன் காரணம் தெளிவு. நவம்பர் 4 தேர்தலுக்கு வெளிநாட்டு, இராணுவ வாக்காளருக்கான வாக்குச்சீட்டுகளை 45 நாள் முன்பு, செப்டம்பர் 20-க்குள், மத்தியச் சட்டப்படி அனுப்பியாக வேண்டும். ஆயினும் சாட்சியே கேட்கப்படாமல் முடிந்த வழக்கு எவரையும் திருப்திப்படுத்தாது. விசாரிக்கவே இல்லை என்று ஒரு தரப்பு சொல்லலாம், தள்ளிவிட்டார்கள் என்று மறுதரப்பு சொல்லலாம், இரண்டும் உண்மை.

கட்சிவாரிப் பதிவைக் கொண்டுவந்தால் தீர்ந்துவிடும் என்பது தோற்றவர்களின் வழக்கமான பரிகாரம். கட்சிவாரிப் பதிவு ஏற்கெனவே உள்ள அண்டை மாநிலமான லூசியானா 2024-இல் சட்டம் இயற்றி, 2026 முதல் காங்கிரஸ் பதவிகள் உள்ளிட்ட சிலவற்றுக்குக் கட்சி முதன்மைத் தேர்தலுக்கு மாறியது. மிசிசிப்பியில் அதன் விலை என்ன? வெள்ளையர் ஒரு கட்சியிலும் கறுப்பினத்தவர் மறு கட்சியிலும் அவ்வளவு தெளிவாகப் பிரிந்திருக்கும் மாநிலத்தில் கட்சிப் பதிவேடு என்பது கிட்டத்தட்ட இனவாரிப் பதிவேடாகிவிடும். அதோடு, கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் டெல்டா மாவட்டங்களில் ஷெரீப், மாவட்ட மேற்பார்வையாளர் போன்ற பதவிகள் இன்றும் ஜனநாயகக் கட்சியின் முதன்மைத் தேர்தலிலேயே முடிவாகின்றன. நவம்பரில் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் வெள்ளை விவசாயி அப்பதவிகளுக்கான ஆகஸ்ட் முதன்மைத் தேர்தலில் ஜனநாயகக் கட்சிப் பெட்டிக்குப் போனால்தான் தன் ஷெரீப்பைத் தேர்ந்தெடுக்க முடியும். 23-15-575 சொல்லும் எண்ணம் அவரிடமும் இல்லை. கதவை மூடினால் வெளியே நிற்கப் போகிறவர்களில் மெக்டேனியலுக்கு வாக்களித்தவர்களும் இருப்பார்கள். 2012 முதல் சட்டமன்றத்தின் இரு அவைகளையும் கையில் வைத்திருக்கும் குடியரசுக் கட்சி, 2014-இல் அவ்வளவு கூக்குரல் எழுந்த பின்னும் கட்சிப் பதிவைச் சட்டமாக்க அவசரப்படாததில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு என்று கருதுகிறேன்.