மட்டாஞ்சேரியில் சமூக நல்லிணக்கம்: அரசக் கொடையிலிருந்து சம உரிமைக்கு

யூதர், சிரியக் கிறித்தவர், மாப்பிள்ளை முஸ்லிம்கள், கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், தமிழ் வண்ணார் எனப் பல சமூகத்தார் தலைமுறைகளாக அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்துவந்த, கேரளத்தின் கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரியும் அதை ஒட்டிய கோட்டைக் கொச்சியும் மதநல்லிணக்கத்துக்குச் சான்றாகப் பெரிதும் சுட்டப்படுகின்றன. இந்நல்லிணக்கம் உருவான விதத்தையும் அதன் வரம்பையும் அவ்வரம்பை மீறிய முயற்சிகளையும் வரலாற்று வரிசையில் இக்கட்டுரை ஆராய்கிறது. அரசு அளித்த புகலிடம் சமூகங்களை அருகருகே வாழச் செய்ததாயினும் அவற்றிடையிலும் அவற்றுக்குள்ளும் நிலவிய ஏற்றத்தாழ்வைத் தீண்டவில்லை என்பதும், அதைத் தீண்டியவை 20ஆம் நூற்றாண்டில் கீழிருந்து எழுந்த உரிமைக் கோரிக்கைகளே என்பதும் இதன் கருதுகோள்.

புகலிடமும் வணிகமும்

1341இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தை அடுத்துக் கொடுங்கல்லூர்த் துறைமுகம் தூர்ந்து கொச்சித் துறைமுகம் வளர்ந்தபோது, வணிகக் குடிகளும் தெற்கே நகரத் தொடங்கின. 16ஆம் நூற்றாண்டில் கொடுங்கல்லூரில் தாக்குதலுக்கு உள்ளான யூதர்களுக்குக் கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டி இடமளித்தார். அங்கு 1568இல் எழுந்த பரதேசி யூதப் பள்ளி, அதாவது அயலகத்திலிருந்து வந்த யூதர்களின் தொழுகைக்கூடம், பழையன்னூர் பகவதி கோயிலுக்கு மிக அருகிலேயே அமைந்தது. கோவாவில் போர்த்துகீசியரின் மத ஒடுக்குமுறையிலிருந்து தப்பிவந்த கொங்கணியர், செர்ளாய் பகுதியில் குடியேறி வேங்கடாசலபதிக்குத் திருமலை தேவசுவம் கோயிலை எழுப்பினர்.

இவ்வரவேற்புக்குப் பெருந்தன்மையோடு தேவையும் காரணமாயிற்று. கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியோடு ஓயாது போட்டியிட்ட சிறிய அரசுக்கு, மிளகு வணிகத்தில் கடல்கடந்த தொடர்புகளை உடைய தரகர்களும் பொருள் முதலீட்டாளர்களும் இன்றியமையாதவராயினர். ஒரு சமூகத்தை அதன் தலைவர் வழியாக ஏற்று, வரிவிலக்கும் சிறப்புரிமைகளும் வழங்கும் மரபோ கேரளத்தில் அதற்கும் முந்தியது. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யூத வணிகத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு 72 சிறப்புரிமைகளை அளித்த செப்பேடு அதற்குச் சான்றாகும். இம்மரபில் உரிமை தனிமனிதருக்கு உரியதாக அன்றிச் சமூகத்துக்கு உரியதாகவே கருதப்பட்டது.

பாதுகாப்பின் வரம்பு

கொடையாக வந்த பாதுகாப்பு, கொடுப்பவரின் வலிமையையும் விருப்பத்தையும் சார்ந்தே நின்றது. 1662இல் போர்த்துகீசியர் வசமிருந்த கொச்சியை முற்றுகையிட்ட டச்சுக்காரர்கள் தோற்றுப் பின்வாங்கியபின், அவர்களுக்குத் துணைநின்றனர் என்று யூதர்களைப் போர்த்துகீசியர் தண்டித்தபோது யூதப் பள்ளி சேதமுற்றது. 1791இல் கொச்சி அரசர் சக்தன் தம்புரானின் படையே கொங்கணி வணிகர்களைத் தாக்கியதால், அவர்கள் தெய்வத் திருவுருவத்தோடு திருவிதாங்கூருக்கு வெளியேற நேர்ந்தது.

சமூகங்களுக்குள்ளும் சுவர்கள் இருந்தன. பரதேசி யூதர்கள், தமக்கு முன்பே அங்கு வாழ்ந்த மலபார் யூதர்களோடு மணவுறவு கொள்ளவில்லை; விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்களாகக் கருதப்பட்ட ‘மெஷுஹ்ராரிம்’ என்னும் பிரிவினருக்குத் தம் பள்ளியில் சமமான இருக்கையையும் மறுத்தனர். 16ஆம் நூற்றாண்டிலேயே இவ்வழக்கு கெய்ரோவின் புகழ்பெற்ற யூத அறிஞர் டேவிட் இப்ன் சிம்ராவிடம் சென்று, விலக்கப்பட்டவர்களுக்குச் சார்பான தீர்ப்பைப் பெற்றும், சாதியமைப்பில் ஊறிய சூழலில் நடைமுறை மாறவில்லை. புலையர் முதலிய ஒடுக்கப்பட்டோருக்கோ பொதுவழியும் கோயிலும் ஒருங்கே மறுக்கப்பட்டன. பிற நாட்டவரை ஏற்ற அரசில் சொந்த நாட்டு உழைப்பாளர் விலக்கப்பட்டிருந்தனர்.

கீழிருந்து எழுந்த கோரிக்கை

நிலத்தில் கூடுவதற்குத் தடை இருந்ததால் 1913இல் புலையர்கள் கொச்சிக் காயலில் படகுகளைப் பிணைத்து அவற்றின்மேல் கூட்டம் நடத்தினர். சீர்திருத்தவாதி பண்டிட் கருப்பனின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இக்காயல் சம்மேளனம், பொதுவெளியில் இடம் கோரிய தொடக்க நிகழ்வுகளுள் ஒன்று. 1917இல் அருகிலுள்ள செறாயியில் ஈழவரையும் புலையரையும் ஒன்றாக உண்ணச் செய்த ‘மிச்ரபோஜனம்’ என்னும் சமபந்தியை ஈழவச் சீர்திருத்தவாதி சகோதரன் ஐயப்பன் நடத்திச் சொந்தச் சாதியாரின் விலக்குக்கு ஆளானார். எனினும் அதே ஆண்டில் மட்டாஞ்சேரியிலிருந்து ‘சகோதரன்’ இதழைத் தொடங்கித் தம் கருத்தைப் பரப்பினார். மெஷுஹ்ராரிம் பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967), காந்தியின் சத்தியாக்கிரக முறையைத் தம் சமூகத்தின் தொழுகைக்கூடத்துக்குள்ளேயே கையாண்டு, இருக்கை வேறுபாட்டைப் படிப்படியாகத் தளரச் செய்தார்.

இக்கோரிக்கைகள் ஒவ்வொன்றும் ஒரே மதத்தாரின் எல்லைக்குள் எழுந்தவை. அவ்வெல்லையைத் தாண்டியது துறைமுகத் தொழிலாளர் போராட்டம். திரண்டு நிற்கும் தொழிலாளர் நடுவே உலோக வில்லைகளை வீசி, அவற்றைப் பாய்ந்து பற்றியவருக்கு மட்டும் அன்றைய வேலை தரும் ‘சாப்பா’ முறையை எதிர்த்து நடந்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அப்போராட்டத்தில் உயிர்நீத்தோராக சைது, சைதலவி, ஆன்டணி ஆகிய மூவரும் சேர்த்தே நினைவுகூரப்படுகின்றனர். ஒருவரை ஒருவர் முட்டித்தள்ள வைத்த முறைக்கு எதிராக மதம் கடந்து திரண்ட கூட்டமைப்பு அது.

முடிவுரை

1950களில் யூதர்களில் பெரும்பான்மையோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபின், யூதத் தெரு பெரிதும் சுற்றுலாவின் காட்சிப்பொருளாகிவிட்ட நிலையில், மட்டாஞ்சேரியின் பெருமை புகலிடக் கதையோடு நின்றுவிடுகிறது. அண்டைவீட்டாராக இருத்தல் பகையைத் தணிக்கும். ஆனால் அது சமத்துவத்தைத் தானாகத் தருவதில்லை என்பதை மேற்கண்ட சான்றுகள் காட்டுகின்றன. திருவிதாங்கூரில் 1936இலேயே ஒடுக்கப்பட்டோருக்கு அனுமதிக்கப்பட்ட கோயில் நுழைவைக் கொச்சி அரசு நாடு விடுதலை பெறும் காலம்வரை தாமதப்படுத்தியது இதை மேலும் உறுதிசெய்கிறது. எனவே நல்லிணக்கத்தை அளவிட, எத்தனை வழிபாட்டிடங்கள் அருகருகே உள்ளன என்பதோடு, அவற்றுள்ளும் தெருவிலும் பணியிடத்திலும் கடைசியில் நிறுத்தப்பட்டவருக்கு எத்தகைய இடம் கிடைத்தது என்பதையும் ஆய்வாளர் கணக்கில் கொள்ள வேண்டும்.