தண்ணீர் குடிக்காத மின்சாரம்

காரைக்கால் கோவில்பத்தில் உள்ள பார்வதீசுவரர் கோயிலுக்குத் தேவாரப் பெயர் திருத்தெளிச்சேரி. பஞ்ச காலத்தில் சிவனே உழவனாக வந்து விதை தெளித்தான், அதனால் 'தெளிச்சேரி' என்கிறது தலபுராணம். புராணத்தைப் புராணமாகவே வைத்துக்கொள்வோம். விதைத்தவன் கடவுளே ஆனாலும் தண்ணீர் வந்தாக வேண்டும். அந்தத் தண்ணீர் எப்போது வரும் என்பதைக் கோவில்பத்து தீர்மானிப்பதில்லை. அது யார் கைக்கு எப்படிப் போனது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. காவிரிப் பிரச்சினை பற்றிய பேச்சுகளில் அந்த வரலாற்றின் முதல் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

முதல் பக்கம் 1902. மைசூர் சமஸ்தானத்தில் சிவசமுத்திரம் அருவிக்கு மேலே காவிரியின் ஒரு பகுதியைக் கால்வாயில் திருப்பி, குழாய்களில் கீழே இறக்கி, மின்சாரம் எடுத்தார்கள். திட்டம் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் உருவானது. அந்த மின்சாரம் வீட்டுக்கும் போகவில்லை, வயலுக்கும் போகவில்லை. சுமார் 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கவயலுக்குப் போனது. பெங்களூர்த் தெருவிளக்கு எரிந்தது 1905ல்தான். சுரங்கங்களை நடத்தியது பிரிட்டிஷ் கம்பெனி. குழிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடஆற்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து போன தலித் மக்கள். காவிரி முதன்முதலில் மின்சாரமாக மாறியது அவர்கள் தோண்டிய தங்கத்துக்காக. அந்தத் தங்கம் அவர்களுடையதாக இருக்கவில்லை.

இந்த வகைத் திட்டங்களை நியாயப்படுத்த ஒரு வாதம் தயாராகவே இருக்கிறது. விவசாயம் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. சுழலி குடிப்பதில்லை, வாங்கிய தண்ணீரை அப்படியே ஆற்றில் விட்டுவிடுகிறது, யாருக்கும் நட்டமில்லை என்பது அது. அளவைப் பொறுத்தவரை இது சரிதான். ஆனால் ஆறு என்பது வெறும் அளவா? திருப்பிய இடத்துக்கும் திரும்ப விட்ட இடத்துக்கும் நடுவே ககனசுக்கியும் பரசுக்கியும் மழைக்காலம் போனால் மெலிந்துவிடுகின்றன. இது கண்ணுக்குத் தெரிகிற விளைவு. தெரியாத விளைவு காலத்தில் இருக்கிறது.

நெல்லுக்கு ஒரு காலம், சுழலிக்கு ஒரு காலம். டெல்டாவின் காலம் ஏறி இறங்குவது: ஆனி, ஆடியில் புதுப்புனல், பெருக்கு, வண்டல், கோடையில் வறண்ட மணல். சுழலிக்கு ஏற்ற இறக்கம் ஆகாது. அதற்கு மாசியும் ஒன்றுதான், ஆடியும் ஒன்றுதான். சுரங்கத்து இயந்திரம் கோடையில் நிற்கக் கூடாது என்றால் மழைக்காலத்து வெள்ளத்தைப் பிடித்துவைத்தாக வேண்டும். விசுவேசுவரய்யாவின் கண்ணம்பாடி அணை 1911ல் தொடங்கியதற்குப் பாசனம் மட்டும் காரணமல்ல. சிவசமுத்திரத்துக்குக் குறையாத நீர்வரத்து வேண்டும் என்பதும் காரணம். அதாவது, 'தண்ணீர் குடிக்காத' திட்டம் தண்ணீரை நிறுத்திவைக்கும் திட்டத்தைப் பெற்றுப்போட்டது.

அதன்பிறகு நடந்தது தெரிந்த கதை. சென்னை அரசு ஆட்சேபித்தது, நடுவர் விசாரணை வந்தது, 1924ல் ஒப்பந்தம் வந்தது. கண்ணம்பாடிக்கு 44.8 டி.எம்.சி. கொள்ளளவு, பதிலுக்குச் சென்னை மாகாணம் மேட்டூரில் 93.5 டி.எம்.சி. தேக்கலாம். மேட்டூர் 1934ல் முடிந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை மைசூரும் சென்னையும். அரசலாறும் திருமலைராயனாறும் கடலில் கலக்கிற காரைக்கால் அன்று பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது. ஆற்றின் முடிவில் இருந்த ஊர் அந்தப் பேச்சில் ஒரு தரப்பே இல்லை. 1954ல் கொடி மாறியது, கடைமடை மாறவில்லை.

எல்லாப் பழியையும் சிவசமுத்திரத்தின் தலையில் கட்டிவிட முடியாது. மேட்டூரிலும் மின்சாரம் எடுக்கிறார்கள், பாசனத்துக்கு விடும் தண்ணீரில்தான். ஆனால் வண்டலைத் தடுப்பதில் மேட்டூர் எந்த அணைக்கும் இளைத்ததல்ல. மேலே இரண்டு பக்கமும் பாசனப் பரப்பு பெருகியது, மணலை அள்ளினோம், ஆழ்துளைக் கிணறு போட்டோம். இதில் 'கன்னடன்', 'தமிழன்' என்ற பேதமில்லை. வரத்து குறைந்தால் ஆற்றுவாய் வழியே உப்புத்தண்ணி உள்ளே ஏறுகிறது, நிலத்தடி நீர் கரிக்கிறது. மோட்டார் வைத்திருப்பவன் இன்னும் கொஞ்சம் ஆழம் போவான். நடவுக்கும் அறுப்புக்கும் போய்க் கூலி வாங்குகிறவள் எங்கே போவாள்? நட்டம் வயலுக்கு என்று எழுதுகிறோம். அதில் முதலில் விழுவது அவள் கூலி.

இது பழங்கதை என்று தள்ள முடியாது. இலங்கையில் 2024ல் திறக்கப்பட்ட உமா ஓயா திட்டம் ஆற்றைச் சுரங்கவழியில் வேறு பள்ளத்தாக்குக்குத் திருப்பி 120 மெகாவாட் எடுக்கிறது. சுரங்கம் தோண்டும்போது, 2014 இறுதியில், நிலத்தடி நீர் அதற்குள் கொட்டியது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. சுழலி ஒரு சொட்டும் குடிக்கவில்லை. குடித்தது அதற்கு வெட்டிய வழி.

இப்போது காரைக்காலுக்குக் கணக்கு உண்டு. 1991ல் நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை 6 டி.எம்.சி. தந்தது. 2007ன் இறுதித் தீர்ப்பு புதுச்சேரிக்கு 7 என்றது. 2018ல் உச்ச நீதிமன்றம் அதைத் தொடவில்லை. தரப்பே இல்லாதிருந்த ஊருக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனாலும் டி.எம்.சி. என்ற அலகு சுழலிக்காரன் வாதத்தைப் போலவே பேசுகிறது: தண்ணீர் என்றால் அளவு. எத்தனை நாள் பிந்தி வந்தது, வண்டலோடு வந்ததா, வெறுந்தண்ணியா, கடலைத் தள்ளி நிறுத்த மிச்சம் இருந்ததா, இவற்றை அந்த அலகால் கேட்கவே முடியாது. கடைமடையில் கேட்கிற கேள்வி வேறு. "தண்ணி எவ்வளவு வந்துச்சு?" என்று இங்கே யாரும் முதலில் கேட்பதில்லை. "தண்ணி எப்ப வரும்?" என்றுதான் கேட்கிறார்கள்.