சைக்கிளைவிட்டு இறங்கு

1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்றை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் கூடாதாம். கூலி உயர்வு, மருத்துவ வசதி, பிள்ளைகளின் படிப்பு என்று போகும் பட்டியலில் இது எதுக்கு?

கூலி வித்தியாசத்தைக் காசில் சொல்லிவிடலாம். 1920களின் இறுதியில் சிலாங்கூர்த் தோட்டங்களில் தென்னிந்தியத் தொழிலாளர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 சென், பெண்ணுக்கு 40 சென். குத்தகைக்கு மரம் வெட்டிய சீனர்கள் அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். அவர்களுக்கு இணையான கூலி வேண்டும் என்பதும் பட்டியலில் இருந்தது. ஆனால் சைக்கிளை எந்தச் செக்ரோலில் எழுதுவது? கொஞ்சம் மிச்சம் பிடித்தவனால்தான் சைக்கிள் வாங்க முடியும். காசு ஏறினாலும் நீ ஏறக்கூடாது என்பதுதான் அந்த விதி. சம்பளக் கணக்கைப் பார்ப்பவருக்கு அது தெரியாது. இறங்கியவனுக்குத் தெரியும்.

பதிலுக்கு ராணுவம் வந்தது. ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

நம் காலத்துக் கூலிகள் மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பையோடு போகிறார்கள். மலேசிய நாடாளுமன்றம் 2025இல் கிக் தொழிலாளர்களுக்கெனத் தனிச்சட்டம் நிறைவேற்றியது. சிங்கப்பூரின் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அங்கே சேமநிதிக் கணக்குக்காக மோட்டார் சைக்கிள் ரைடரின் வருமானத்தில் 35 விழுக்காட்டைச் செலவாகக் கழிக்கிறார்கள். கார் ஓட்டுபவருக்கு 60, சைக்கிளிலோ நடந்தோ போகிறவருக்கு 20. ஆக, 100 வெள்ளி சம்பாதித்த ரைடரின் கணக்கில் வருவது 65தான். கைக்கு வருவது வேறு, கையில் நிற்பது வேறு என்று சட்டமே ஒப்புக்கொண்டது நல்ல விஷயம்.

ஆனால் காத்திருப்பு? ஆர்டரை ஏற்றதிலிருந்து முடிக்கும்வரை அடிபட்டால் அங்கே இழப்பீடு உண்டு. அடுத்த ஆர்டருக்காகப் பாலத்தடியில் மழைக்கு ஒதுங்கி, போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அரைமணி நேரம் அதில் சேராது. அந்த அரைமணியையும் சேர்த்து வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி எவ்வளவு என்று பார்க்கணும். ஒரே தொகை சம்பாதித்த இரண்டு பேரில் ஒருவர் எட்டு மணி நேரமும் இன்னொருவர் பன்னிரண்டு மணி நேரமும் ரோட்டில் இருந்திருக்கலாம். சராசரி இதைக் காட்டாது.

அதற்குப் பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. கொண்டோ வாசலில் கார்டு கையை நீட்டுகிறார்: “அண்ணே, இந்த லிஃப்ட்டு வேணாம். சாமான் ஏத்துற லிஃப்ட்டுல போங்க.” அவரும் யாரோ சொன்னதைத்தான் சொல்கிறார். இது எந்த வருமானக் கணக்கிலும் வராது.

கிள்ளான் தொழிலாளர்கள் கூலியையும் சைக்கிளையும் ஒரே பட்டியலில் வைத்தார்கள். கிக் தொழிலாளர்களின் ஏற்றத்தாழ்வை அளக்கக் கிளம்புகிறவர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை வாசிக்கலாம். எவ்வளவு சம்பாதித்தீர்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, மூன்றாவதாக இதையும் கேட்கட்டும்: உங்களை எங்கெல்லாம் இறங்கச் சொன்னார்கள்?