சத்தம் வராத சிடி டிரைவ்



நேற்று பரணைச் சுத்தம் செய்தபோது பழைய கம்ப்யூட்டர் சாமான்களுக்கு நடுவே நாலு முனை உள்ள மெல்லிய ஒயர் ஒன்று கிடைத்தது. பேரனுக்கு அது என்னவென்றே தெரியவில்லை.

1982-இல் பிலிப்ஸும் சோனியும் ஆடியோ சிடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. நொடிக்கு 44,100 மாதிரிகள் வீதம் பாட்டு அதில் எண்களாகப் பதிவாகியிருக்கும். கம்ப்யூட்டருக்கான சிடி-ரோம் அதற்குப் பிறகு வந்தது. அந்த டிரைவுக்குள்ளேயே எண்களை ஒலியாக மாற்றும் சில்லு இருந்தது. பட்டையான கேபிளில் கோப்புகள் போகும். பாட்டு மட்டும் இந்தத் தனி ஒயர் வழியாகத்தான் சவுண்ட் கார்டுக்குப் போக வேண்டும். எனக்கே அப்போது இது தெரியாது.

1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, நம்ம திருச்செங்கோட்டில் விசைத்தறி வீட்டுப் பையன் ஒருவன் புது டிரைவ் வாங்கித் தானே மாட்டினான். விண்டோஸ் 98. மற்ற சத்தமெல்லாம் வருகிறது. பாட்டு சிடி போட்டால் நிமிடமும் நொடியும் ஓடுகின்றன, ஸ்பீக்கர் ஊமை. "நோண்டிக் கெடுத்துட்டயே" என்று அவன் அப்பா எதிரிலேயே திட்டிவிட்டேன். கடன் வாங்கிக் கொடுத்த பணம், அவர் முகம் சுருங்கிப்போனது.

பையன் பதில் பேசவில்லை. டிரைவின் முகப்பில் இருந்த துளையில் ஹெட்போனைச் செருகி என் காதில் வைத்தான். பாட்டு கணீரென்று கேட்டது! மூடியைக் கழற்றினால், இந்த ஒயரே மாட்டப்படவில்லை. கடையில் கொடுக்கவே இல்லையாம்.

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி பாட்டையும் பட்டை கேபிளிலேயே எண்களாக வாங்கிக்கொண்டது. சாட்டா டிரைவ்கள் வந்தபின் இந்த ஒயருக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை.

தம்பி, இதைப் படித்தால் ஒரு போன் பண்ணுப்பா. அன்றைக்கு உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.