கடிகாரக்காரர்களின் ரீல்

விலை உயர்ந்த தூண்டில் ரீலும் மலிவான ரீலும் ஒரே பொருளின் உசத்தியான வடிவமும் மட்டமான வடிவமும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். அமெரிக்காவில் இவை உருவான வரலாற்றைப் படித்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டுக்கும் பின்னால் இருந்தவர்கள் கடிகாரக்காரர்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்விகள்தான் வேறு.

கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே கடிகார வேலையும் வெள்ளி வேலையும் செய்துவந்த ஜார்ஜ் ஸ்னைடர், 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில், கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுழலும் ரீலைச் செய்தார். பல்சக்கர ரீல் இங்கிலாந்தில் முன்பே உண்டு. அதற்குள் கடிகாரத்தின் துல்லியத்தைக் கொண்டுவந்தது கென்டக்கிதான். அடுத்து பிராங்க்ஃபர்ட் நகரில் மீக் சகோதரர்களும், அவர்களிடம் தொழில் கற்ற பெஞ்சமின் மைலமும் அதை இன்னும் மெருகேற்றினார்கள். உடல் ஜெர்மன் சில்வர். பேர்தான் சில்வர், உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். பல்சக்கரங்களைக் கையால் வெட்டி, ஒன்றோடொன்று பொருந்தும்வரை தேய்த்தார்கள். ஓர் ஓட்டையின் திருகு மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதால் திருகுகளுக்கு எண்கூடப் போட்டார்கள்.

இத்தனை காசு கொடுத்து வாங்கினாலும் வேலை முடியாது. தூண்டிலை வீசும்போது நரம்பு வெளியேறும் வேகத்தைவிட உருளை வேகமாகச் சுழன்றுவிட்டால் அவ்வளவுதான், பறவைக்கூடு மாதிரி சிக்கு விழும். கட்டைவிரலால் மெல்ல அழுத்தி அடக்க வேண்டும். அந்தப் பழக்கம் விரலுக்கு வர நாளாகும். ஆக, முதலில் பணம், பிறகு பொழுது. இரண்டும் உள்ளவருக்கே அந்த ரீல்.

1947இல் டெக்சஸைச் சேர்ந்த ஆர். டி. ஹல் என்ற கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் ஒரு நிறுவனத்தின் படியேறினார். பெயர் 'ஜீரோ ஹவர் பாம் கம்பெனி'. எண்ணெய்க் கிணறுகளுக்கு நேரவெடிகள் செய்தவர்கள். அந்தத் தொழில் மங்கும் என்று தெரிந்து வேறு சரக்கு தேடிக்கொண்டிருந்தார்கள். கடையில் பொட்டலம் கட்டுபவர் சுழலாத உருளையிலிருந்து நூலை உருவியதைப் பார்த்துத்தான் ஹல்லுக்கு யோசனை பிறந்தது என்பார்கள். உருளை சுழலாவிட்டால் சிக்கு எப்படி விழும்? சுழலாத உருளைக்கு இங்கிலாந்தில் இல்லிங்வொர்த் 1905இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஹல் அதை மூடி போட்டு, எளிமையாக்கினார். 1949இல் உற்பத்தி தொடங்கியது. பின்னால் வந்த மாடல்களில் ஒரு பொத்தானை அமுக்கி விட்டால் போதும். 1956இல் நிறுவனத்தின் பெயரே, பழைய பெயரின் எழுத்துகளைச் சுருக்கி, 'ஜெப்கோ' என்றானது.

குறைகள் இல்லாமலில்லை. மூடியில் உரசுவதால் நரம்பு அவ்வளவு தூரம் போகாது. பெரிய மீன் இழுத்தால் பிரேக் திணறும். உப்புத்தண்ணீர் பட்டால் மலிவான உலோகம் அரித்துவிடும். நன்றாகப் பராமரித்த மீக் ரீல் இன்றும் சுழல்கிறது. மலிவு ரீல் சில வருஷத்தில் குப்பைக்குப் போகிறது. நீடித்து உழைப்பதுதான் அளவுகோல் என்றால் ஸ்னைடரின் வழிக்கே என் ஓட்டு.

ஆனால் குளக்கரையில் முதல்முறை தூண்டில் போடும் பத்து வயதுப் பிள்ளையிடம் மீக் ரீலைக் கொடுத்தால் பொழுதெல்லாம் சிக்கெடுத்துக்கொண்டிருக்கும். ஸ்னைடர் வழிவந்தவர்கள் தேர்ந்த கைக்கு ஏற்ற கருவியைச் செய்தார்கள். தேர்ச்சியே இல்லாத கையும் மீன் பிடிக்கட்டுமே என்றது ஹல்லின் ரீல். விலையை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் கண்ணில் படாமலே போய்விடும்.