மொரீஷியஸ் தீவில் ஒரு பகல்

மொரீஷியஸ் தீவுக்குச் செல்வோர் ஒரு பகலுக்கென்று காரும் ஓட்டுநருமாக அமர்த்திக்கொண்டு, கடற்கரைகளையும் மலைகளையும் சுற்றிப் பார்த்து வருவது வழக்கம். உறவினர் இல்லத் திருமணம் ஒன்றுக்காக அங்கே சென்றிருந்த நானும் அவ்வாறே செய்தேன். வண்டியை அமர்த்தித் தந்தவர்கள் ஒரு தாளையும் என் கையில் கொடுத்தார்கள். வெண்மணற் கரை, பவளப்பாறை, மலை, மாலைக் கதிரவன் என்று காணத்தக்கவை எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. மனிதரைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை. வாழ்நாளெல்லாம் வரலாறு கற்பித்தவனுக்கு அது சற்று உறுத்தியது. “முதலில் போர்ட் லூயி துறைமுகத்திலுள்ள ஆப்ரவாசி படித்துறைக்குப் போகலாம்” என்றேன். ஓட்டுநர் திரும்பி என்னைப் பார்த்தார். “எல்லாரும் முதலில் கடலைத்தான் கேட்பார்கள், ஐயா” என்றார்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர் அவர். வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. என்னோடு ஆங்கிலத்தில் பேசினார். தம் தந்தையின் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்றும், தைப்பூசத்திற்குத் தவறாமல் காவடி எடுப்பதாகவும், ஆனால் தமிழ் படிக்கத் தெரியாது என்றும் சொன்னார். தைப்பூசக் காவடி அத்தீவில் அரசு விடுமுறை நாள் என்பதை மாணவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில் இந்துமாக்கடலில் கிடக்கும் எரிமலைத் தீவு இது. பழங்குடிகள் என்று எவரும் இல்லை. அரபு மாலுமிகளும் போர்த்துக்கீசியரும் இதனை அறிந்திருந்தும் தங்கவில்லை. 1598இல் வந்த டச்சுக்காரர் தம் இளவரசர் மாரிஸ் பெயரை இதற்கு இட்டனர். அவர்கள் 1639இல் ஜாவாவிலிருந்து கரும்பையும் மானையும் கொண்டுவந்தார்கள். கருங்காலி மரங்களை வெட்டிக் கப்பலேற்றினார்கள். பறக்க இயலாத டோடோ என்னும் பறவை அவர்கள் காலத்திலேயே பூண்டற்றுப் போயிற்று. 1710இல் அவர்கள் தீவைக் கைவிட, 1715இல் பிரெஞ்சுக்காரர் உரிமை கொண்டாடினர். 1735இல் ஆளுநராக வந்த லபோர்தொனேயின் பெயர் நமக்குப் புதியதன்று. 1746இல் சென்னைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றியவர் அவரே; அதற்கான கப்பற்படையை இத்தீவிலிருந்துதான் நடத்தி வந்தார். போர்ட் லூயி நகரைக் கட்டுவதற்குப் புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்களை அழைத்துச் சென்றவரும் அவரே.

கைவினைஞர் சென்ற அதே காலத்தில் வேறு வகையாகவும் ஆட்கள் சென்றனர். அடிமைகளுள் மிகப் பெரும்பாலோர் மடகாஸ்கரிலிருந்தும் கிழக்காப்பிரிக்காவிலிருந்தும் பிடித்துவரப்பட்டவர்கள். இந்தியாவிலிருந்து விற்கப்பட்டவர்களும் அவர்களிடையே இருந்தனர். புதுச்சேரியில் ஆட்களை வஞ்சித்துப் பிடித்து அடிமைகளாக விற்ற கூட்டத்தைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1743ஆம் ஆண்டில் பேசுகிறது. தமிழர் இத்தீவுக்குச் சென்ற கதையைக் கைவினைஞரோடு நிறுத்திக்கொள்வது நமக்கு இனிமையாக இருக்கலாம், முழுமையாக இராது.

ஆப்ரவாசி படித்துறையில் பதினாறு கற்படிகள் இருக்கின்றன. அவ்வளவுதான் காட்சி. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் படகிலிருந்து இறங்கி இப்படிகளில் ஏறி, மேலேயுள்ள கொட்டகைகளில் தங்கவைக்கப்பட்டுப் பின் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1834 முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தியாவிலிருந்து வந்தவர் ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர். பலர் கல்கத்தா வழியாகப் பீகார்ப் பகுதியிலிருந்து வந்தவர்கள். சென்னை மாகாணத்திலிருந்தும் பல்லாயிரவர் வந்தனர். மாதச் சம்பளம் ஐந்து ரூபாய். ஒப்பந்தம் பெரும்பாலும் ஐந்து ஆண்டு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாட் கூலியைப் பிடித்தம் செய்யும் ‘இரட்டை வெட்டு’ என்னும் முறையும் இருந்தது. இந்த இடத்தை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. பெயர், தந்தை பெயர், ஊர், வயது, உடல் அடையாளம் எல்லாம் பதிவாயின. 1867ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் நிழற்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டையும் பலர் வைத்திருக்க வேண்டியதாயிற்று. ஓடிப்போகாமல் காப்பதற்காக எழுதப்பட்ட ஏடுகள் அவை. இன்று மோகா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அவை பாதுகாக்கப்படுகின்றன. தம் முன்னோரைத் தேடுவோர் அங்கே செல்கிறார்கள். காவலுக்காகக் கட்டிய வேலி பிற்காலத்தில் ஒரு குடும்ப மரத்திற்குப் பந்தலாயிற்று என்று எனக்குத் தோன்றியது. “என் தந்தையின் முப்பாட்டனுக்கு எண் கிடைத்தது, ஐயா. படமும் கிடைத்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்” என்றார் ஓட்டுநர்.

அங்கிருந்து தென்கிழக்கே மாயேபூர் நோக்கிச் சென்றோம். வழியின் இருபுறமும் கரும்பு. கரும்பின் நடுவே ஆங்காங்கே இரண்டாள், மூன்றாள் உயரத்திற்குக் கருங்கற் குவியல்கள் எழுந்து நிற்கக் கண்டேன். முதலில் பழைய கோயில்களின் இடிபாடு என்றே எண்ணினேன். வண்டியை நிறுத்தச் சொல்லி அருகே சென்று பார்த்தேன். செதுக்காத எரிமலைக் கற்கள். நிலத்தைப் பண்படுத்துவதற்காக அடிமைகளும், பின்னர் ஒப்பந்தக் கூலிகளும், கையால் பொறுக்கி அடுக்கியவை. எந்தக் கல்லை எவர் வைத்தார் என்று இன்று பிரித்துச் சொல்லமுடியாது. என் கையிலிருந்த தாளில் இக்குவியல்கள் இல்லை. இத்தீவின் முதன்மையான நினைவுச்சின்னம் எதுவென்று ஒரு மாணவன் கேட்டால், நான் இவற்றைத்தான் காட்டுவேன்.

மாயேபூர் விரிகுடாவில் 1810 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கப்பல்கள் ஆங்கிலேயரை வென்றன. ஆயினும் அவ்வாண்டு டிசம்பரிலேயே தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று. அப்படையெடுப்பில் சென்னைச் சிப்பாய்களும் இருந்தனர். குடிகளின் சட்டமும் சமயமும் வழக்கமும் காக்கப்படும் என்ற உடன்படிக்கையால், ஆட்சி மாறியும் அங்கே பிரெஞ்சு மொழி மறையவில்லை.

விரிகுடாவில் ‘கொக்குத் தீவு’ என்று பொருள்படும் பெயருடைய ஒரு சிறு தீவு இருக்கிறது. 26 ஹெக்டேர் பரப்புள்ள அப்பவளத் திட்டுக்குப் படகில் சென்றோம். தீவு முழுவதும் பார்த்ததில் என் மனம் மிகவும் லயித்த இயற்கைக் காட்சி அதுவே. ஆனால் அதுவும் மனிதர் கைபட்ட இயற்கை. பெருந்தீவின் பழங்காட்டில் செழிப்பாக எஞ்சியிருப்பது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. கடற்கரையில் அழகாகச் சலசலக்கும் சவுக்கு மரம் வெளியிலிருந்து வந்தது. கரும்பும் மானும் குரங்கும் அவ்வாறே. இந்தச் சிறு திட்டில்தான் கருங்காலிக் காட்டை மீண்டும் வளர்க்கிறார்கள். அக்கனிகளைத் தின்று விதை பரப்பிய உள்நாட்டுப் பேராமைகள் அழிந்துவிட்டன. அவற்றின் வேலையைச் செய்வதற்காக அல்டாப்ரா இனத்துப் பேராமைகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். ஆமை செல்லும் வழியில் இளங்கருங்காலிகள் முளைத்து நிற்கின்றன. 1990ஆம் ஆண்டளவில் காட்டில் பத்து என்ற அளவுக்குச் சுருங்கிவிட்ட இளஞ்சிவப்புப் புறாவும் அங்கே என் தலைக்கு மேல் ஒரு கிளையில் வந்து அமர்ந்தது.

2020 ஜூலையில் ‘வகாஷியோ’ என்ற சரக்குக் கப்பல் இக்கரையின் பவளப்பாறையில் மோதி, ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கொட்டியது. ஓட்டுநரும் அப்போது கரைக்கு ஓடிவந்தவராம். காய்ந்த கரும்புத் தோகையைத் துணியிலும் வலையிலும் திணித்துத் தைத்து, மிதக்கும் தடுப்பாகக் கடலில் இட்டார்களாம். எந்தக் கரும்புக்காக இம்மக்களின் முன்னோர் கொண்டுவரப்பட்டார்களோ, அதன் தோகை கடைசியில் கடலைக் காக்க உதவியது.

தென்கரையில் கிரி கிரி என்னுமிடத்தில் பவளவேலி இல்லாததால் அலை நேரே பாறையில் அறைகிறது. சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு மேற்கே புறப்பட்டோம்.

மாலை நான்கு மணியளவில் லெ மோர்ன் மலையடியை அடைந்தோம். 556 மீட்டர் உயரம். தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்ட நிலத்தில் செங்குத்தாக நிற்கும் கரும்பாறை. அடியில் பளிங்குநீர், அதில் வண்ணப் பட்டங்களைப் பற்றிக்கொண்டு இளைஞர்கள் நீரில் சறுக்கி விளையாடினார்கள். தப்பியோடிய அடிமைகளுக்கு இம்மலைப்புறம் புகலிடமாக இருந்ததைப் பதினெட்டாம் நூற்றாண்டு ஆவணங்களும் குறிக்கின்றன. மக்கள் சொல்லும் கதை அதற்கு மேலும் செல்கிறது. 1835 பிப்ரவரி முதல் நாள் அடிமைமுறை ஒழிந்தது. அச்செய்தியைச் சொல்லப் படைவீரர்கள் மலைமேல் ஏறினார்கள். தங்களைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று எண்ணிய மக்கள், மீண்டும் அடிமையாவதைவிடச் சாவதே மேலென்று உச்சியிலிருந்து குதித்துவிட்டார்கள்.

என் தொழிற்பழக்கம் என்னை விடவில்லை. “இதற்கு எழுத்துச் சான்று உண்டா?” என்று கேட்டேன்.

ஓட்டுநர் உடனே விடை சொல்லவில்லை. மலையைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு, “என் தாய் வழியினர் அடிமைகளாக வந்தவர்கள், ஐயா. தந்தை வழியில் எனக்கு எண்ணும் படமும் இருக்கின்றன. தாய் வழியில் இந்த மலைதான் இருக்கிறது” என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனுக்கு நான் செய்தது நினைவுக்கு வந்தது. ஊர் வரலாறு எழுதிவருமாறு வகுப்பில் சொல்லியிருந்தேன். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் தன் பாட்டனாரின் தமையன் கப்பலேறிப் போய்விட்டார் என்றும், எந்தத் தீவு என்று தெரியாமலே, பொங்கல் தோறும் அவருக்காக வீட்டில் ஓர் இலை அதிகமாகப் போடுகிறார்கள் என்றும் அவன் எழுதியிருந்தான். ‘ஆதாரம் எங்கே?’ என்று சிவப்பு மையால் எழுதி அப்பத்தியை அடித்துவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் ஏட்டை வாங்கிச் சென்றான். ஓரிலை நூறாண்டு காலம் போடப்பட்டு வந்ததே ஓர் ஆதாரம் என்று எனக்கு அன்று தோன்றவில்லை.

மாணவர்கள் இங்கே என்னைத் தவறாக எண்ணிவிடக்கூடாது. சான்று கேட்பது வரலாற்று மாணவனின் கடமை. குதித்ததாகச் சொல்லும் கதையை நடந்த நிகழ்ச்சியென்று தேர்வில் எழுதச் சொல்லமாட்டேன். ஆனால் அத்துடன் அக்கதையை மூடிவிடலாமா? அரசாங்க உடை அணிந்தவன் நல்ல செய்தி கொண்டுவருவான் என்று அம்மக்களால் ஏன் நம்ப முடியவில்லை என்று கேட்டுப் பாருங்கள். இதற்குரிய விடை எழுத்திலேயே இருக்கிறது. 1723ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டப்படி, ஒரு மாதம் தப்பியிருந்த அடிமை பிடிபட்டால் காதுகளை அறுத்துத் தோளில் சூடுபோட வேண்டும். இரண்டாம் முறையானால் காலின் பின்நரம்பை வெட்ட வேண்டும். மூன்றாம் முறை மரணம். 1835இல் வந்த விடுதலையும் எத்தகையது? ஏறத்தாழ 66,000 அடிமைகளுக்கு ஈடாக 20 இலட்சம் பவுனுக்கு மேல் பணம் கொடுக்கப்பட்டது. கொடுக்கப்பட்டது அடிமைகளுக்கல்ல, அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களுக்கு. விடுதலை பெற்றவர்களோ, ‘பயிற்சிக்காலம்’ என்ற பெயரில் 1839 வரை பழைய எசமானரிடமே வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டனர். மலைமேல் இருந்தவர்கள் செய்தியைத் தவறாக உணர்ந்தார்கள் என்று கதை சொல்கிறது. ஏடுகளைப் படித்தால், அவர்கள் அஞ்சியதில் பாதியேனும் சரியென்றே தோன்றுகிறது.

2008இல் யுனெஸ்கோ இம்மலையையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, வாய்மொழி மரபையும் கருத்திற் கொண்டது. பிப்ரவரி முதல் நாள் அந்நாட்டில் விடுமுறை. மலையடியில் மக்கள் கூடுகிறார்கள். எண்ணிட்டு எழுதப்பட்டவர்களின் படிகள் தீவின் வடமேற்குக் கரையில். எழுதப்படாதவர்களின் மலை தென்மேற்கில். இரண்டுக்கும் இடையே ஒன்றரை மணி நேரப் பயணந்தான். கதிரவன் மறைவது மிக அழகாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; தாளில் போட்டிருந்தது பொய்யன்று.

இருட்டிய பின் என்னைத் தங்குமிடத்தில் இறக்கிவிட்டார். பேசியபடி வாடகையை எண்ணிக் கொடுத்தேன். மொரீஷியஸ் நாட்டுப் பணத்தாளில் ஆங்கிலத்தோடு தமிழிலும் தொகை அச்சிடப்பட்டிருக்கும். அவர் ஒரு தாளை விளக்கடியில் பிடித்து, அந்த வரியின்மேல் விரலை வைத்து, “இதைப் படித்துக் காட்டுங்கள், ஐயா” என்றார். படித்தேன். அவரும் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார். ‘ழ’கரம் ஏதும் அதில் இல்லாததால் உச்சரிப்பில் பிழையே வரவில்லை. மற்றத் தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த ஒன்றை மட்டும் கையிலேயே பிடித்தபடி வண்டியில் ஏறினார்.